ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்கள்

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பத் தாளிலிருந்து வந்தது. எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு பொய் சொல்வது சிரமமாக இருக்கும். அதனால்தான் சொல்கிறேன். வண்டி ஓட்ட லைசென்ஸ் கேட்கிறவர்கள், என் உடம்பு நன்றாக இருக்கிறது என்று தங்களைப் பற்றித் தாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க ஒரு தாள் உண்டு. அதன் முதல் கேள்வி ஏறக்குறைய இப்படி இருக்கும்: உங்களுக்கு வலிப்பு நோயோ, எந்தக் காரணத்தாலாவது திடீரென்று நினைவு தப்புவதோ, தலைசுற்றலோ உண்டா? எதிரில் இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை.

அன்பரசி அந்தத் தாளை நான்காக மடித்து டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாளாக வேலைக்கு வந்துபோகிறாள். இரண்டு கட்டமும் காலி.

கதை அவ்வளவுதான். எங்கே தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: "விருத்தாசலம் பாலக்கரையில் காலை எட்டரை மணிக்கு" (அடித்துவிட்டேன். பாலக்கரை என்று எழுதியதும் பஸ்ஸும் ஆட்டோவும் முண்டியடித்துக்கொண்டு பக்கத்துக்குள் வந்துவிடுகின்றன. அவளுக்கு நிற்க இடமில்லை.)

இரண்டாவது தொடக்கம்: "பத்தாம் வகுப்பில் காலைப் பிரார்த்தனையின்போது அன்பரசி விழுந்தாள். அறிவியல் டீச்சர் ஓடிவந்து தன் ஸ்கூட்டிச் சாவியை அவள் கையில் திணித்தார்." இது நடந்தது. வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்புகிறார்கள், அறிவியல் நடத்துகிறவர்கூட. வண்டிச் சாவி ஒன்று அவள் கைக்கு முதன்முதலாக வந்தது அப்போதுதான். நல்ல தொடக்கம். இவ்வளவு நன்றாக இருப்பதுதான் சந்தேகமாக இருக்கிறது. படிக்கிறவர் சாவியையே பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாள் அவளுடைய பெஞ்சில் யாரும் வந்து உட்காராததையும், மூன்றாவது வாரம் அவளும் வராமல் போனதையும் பார்க்கமாட்டார்.

மூன்றாவது: அன்பரசியின் அம்மா ஆதிலட்சுமி, மகளைத் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்.

இது போதும். இங்கிருந்து போகிறேன்.

3

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து விருத்தாசலம் செராமிக் பேட்டைக்கு வரும் அந்தப் பழைய மொபெட்டை நீங்கள்கூடப் பார்த்திருக்கலாம். முன்னால் அம்மா, பின்னால் மகள், இருவரையும் சுற்றி ஒரு காசித்துண்டு. மகள் சரிந்தால் துண்டு பிடித்துக்கொள்ளும். இரண்டரை வருடமாக அவள் சரியவில்லை. மாத்திரை வேலை செய்கிறது. துண்டை மட்டும் அம்மா அவிழ்க்கவில்லை.

ஆதிலட்சுமிக்கு லைசென்ஸ் கிடையாது. இதுவரை யாரும் கேட்டதும் கிடையாது.*

இப்போது வேப்பூரில் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. விடியும்போதே ஓட்டல் வேன் வந்து பெண்களை ஏற்றிப்போகும். ஒன்றாம் தேதியிலிருந்து போக வேண்டும். அதன்பிறகு மொபெட் வீட்டில் நிற்கும், மகளும் வீட்டில் நிற்பாள். பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். பஸ்ஸில் அவள் ஒருமுறை விழுந்திருக்கிறாள். அந்தக் கண்டக்டர் இன்றைக்கும் அவளைக் கண்டதும் உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு இடம் கொடுக்கிறார். வண்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. விழுவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த மரியாதையைத் தாங்க முடியாது என்பாள் அன்பரசி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டைக்குள் ஆள் இல்லாத தெருக்களில் அவள் ஓட்டிப் பழகினாள். அம்மா பின்னால் ஓடிவந்தார். பிறகு ஓட முடியாமல் நின்றார். தனியாகத் தெருமுனை வரை போய்த் திரும்பிய அன்று அன்பரசி வண்டியை நிறுத்தாமல் அம்மாவைத் தாண்டி இன்னொரு சுற்றுப் போனாள். பள்ளிக்கூடத்தில் விழுந்ததிலிருந்து இந்த ஏழு வருடத்தில் அவள் பக்கத்தில் யாருமே இல்லாமல் இருந்தது அந்த ஒரு சுற்றுத்தான்.

அம்மா பாதிச் சம்மதம் சொன்னார். "லைசென்ஸு எடுத்துட்டு ஓட்டு. கெவர்மெண்டே பாத்துட்டு சரின்னு சொல்லிட்டா, நா என்னா சொல்லப் போறன்."

(* இதை எழுதலாமா என்று யோசித்தேன். அவர் பெயர் ஆதிலட்சுமி இல்லை. எழுதலாம்.)

4

ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கும் சாமிதுரைதான் தாளைக் கொடுத்தவர். அவரை நல்லவராக எழுதுவதா, கெட்டவராக எழுதுவதா என்று ரொம்ப நேரம் குழம்பினேன். அவர் இரண்டும் இல்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசினாராம்.

"எல்லாத்துக்கும் இல்லன்னு போட்டுடும்மா. இத்தினி வருசத்துல ஆமான்னு போட்ட ஒரு ஆள நா பாத்ததில்ல. நம்ம ஊருல ஒருத்தருக்கும் தல சுத்துனதே கெடையாது, தெரியுமா."

ஆமாம் என்று போட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். அவர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு மேல் ஆபீஸில் இருப்பவர்கள் முடிவு என்றார். குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னார். "ரோடு உங்க வூட்டு வாசல் இல்லியேம்மா."

அன்று மதியம் சாப்பிடும்போது அன்பரசி சொன்னது இது: "ஆதார் கார்டுல நா உசுரோட இருக்கன்னு போட்டிருக்குது. நா நல்லா இருக்கன்னு போட்டு ஒரு கார்டு வேணாமா?"

யாரிடம் சொன்னாள் என்று கேட்காதீர்கள். இப்போதைக்கு.

5

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு நியாயம் பேசிப் பார்த்தேன்.

நடப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம். சைக்கிளுக்கும் வேண்டாம். ஓட்டுப் போட வயது வந்தால் போதும், ஓட்டுப் போடுகிறவருக்கு நினைவு தப்புமா என்று எவரும் கேட்பதில்லை. வேலைக்குப் போவது உரிமை என்றால் வேலைக்குப் போய்ச்சேருவதும் உரிமைதானே? பஸ்ஸில் ஏற முடியாதவளுக்கு வண்டியும் கிடையாது என்று சொல்வதும், வெளியே வராதே என்று சொல்வதும் ஒன்றுதான்.

ஆனால் நடக்கிறவர் விழுந்தால் அவர் மட்டும் விழுவார். வண்டி ஓட்டுகிறவர் அப்படி விழுவதில்லை. அதனால் ஊர் கூடி, நீ ஓட்டலாம் என்று ஒருவருக்குக் கொடுக்கிறது. கொடுத்ததை எடுக்கவும் செய்யலாம். அது சலுகை.

(உரிமை, உரிமம் என்ற இரண்டு சொற்களை வைத்து அரைப்பக்கம் எழுதினேன். அழகாக வந்தது. அடித்துவிட்டேன். சொல்லை வைத்துக்கொண்டு யாரும் பாலக்கரையைத் தாண்ட முடியாது.)

இன்னொன்றும் கவனித்தேன். அம்மா, கெவர்மெண்டு சொல்லட்டும் என்கிறார். கெவர்மெண்டு, நீயே சொல் என்று அன்பரசியிடம் தாளை நீட்டுகிறது. அன்பரசியும் வேறு ஒருவரிடம் கேட்டாள். ஒவ்வொருவரும் அடுத்தவர் கைக்குத் தள்ளுகிறார்கள், சூடான பாத்திரத்தை மாற்றிவிடுவதுபோல.

எப்படிக் கூட்டிக் கழித்தாலும் நியாயம் அவள் பக்கம் என்றே முடித்தேன். இரண்டரை வருடம் என்பது சின்னக் காலமா? படித்துப் பார்த்தேன். ஒரு வாக்கியமும் தப்பில்லை. ஆனால் சூளையிலிருந்து வந்த பீங்கான் யானைகளைப் பற்றி அதில் ஒரு வாக்கியமும் இல்லை.

6

அன்பரசியின் வேலை அடி துடைப்பது. அச்சில் வார்த்துக் காயவைத்த பீங்கான் யானையைக் கிளேஸ் என்கிற மேல்பூச்சுக் கரைசலில் முக்கி எடுப்பார்கள். சூளைச் சூட்டில் கிளேஸ் கண்ணாடியாக உருகும். அதனால் சூளைக்குப் போகும் முன் ஒவ்வொரு யானையின் நாலு பாதத்தையும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் பாதம் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு தட்டிப் பிரித்தால் கால் தட்டில் இருக்கும், யானை கையில் வரும்.

ஒரு பலகைக்கு இருபத்திநாலு யானை. போன மாதம் ஒரு சூளையில், ஒரே பலகையின் இருபத்திநாலும் ஒட்டிக்கொண்டு வந்தன. ஒன்றிரண்டு தவறுவது உண்டு. முழுப் பலகை தவறியதே இல்லை. அந்தப் பலகை துடைக்க வந்த அன்றைக்கு மேசையில் உட்கார்ந்திருந்த அன்பரசி

(இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதிவிட்டேன். நான்கிலும் மேசையில் அவள் தனியாக இருக்கிறாள். ஐந்தாவதும் அப்படித்தான் வருகிறது. இனி முடியாது.)

7

கதையில் ஒரு ஆளை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான்.

அடி துடைக்கும் மேசை இரண்டு பேருக்கானது. அன்பரசிக்குப் பக்கத்தில் இன்னொருத்தி உட்காருகிறாள். அவளுக்குக் கயல்விழி என்று பெயர் வைக்கிறேன். நான் என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது.

கயல்விழி ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அவளுக்கு எந்த நோயும் இல்லை. டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தும் எழுந்து நிற்கமாட்டாள், அவ்வளவுதான். கடைசியில் பள்ளிக்கூடமே போகவில்லை. பேட்டையில் அவளோடு பேசுகிற ஒரே ஆள் அன்பரசி. மாத்திரையை மற்றவர்களுக்குத் தெரியாமல் விழுங்கும்போது அன்பரசி கயல்விழியின் முதுகுக்குப் பின்னால்தான் மறைந்துகொள்வாள்.

அன்றைக்குக் கயல்விழி திரும்பிப் பார்த்தபோது அன்பரசியின் கையில் ஸ்பாஞ்சு அந்தரத்தில் நின்றது. கண் திறந்திருந்தது. உதடு எதையோ சப்புவதுபோல அசைந்தது. விழவில்லை, வெட்டவில்லை. ஸ்பாஞ்சிலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டியது. பிறகு அவள் தன் எதிரில் இருந்த பலகையை, துடைக்காததை, துடைத்த பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததை இழுத்தாள்.

கயல்விழி அந்தப் பலகையைத் திரும்ப எடுத்திருக்கலாம். பயத்தில் தோன்றவில்லை.

சூளை பிரித்த அன்று முதலாளி கொளஞ்சிநாதன் ஒட்டிய தட்டை அப்படியே தூக்கிவந்து மேசையில் வைத்தார். "யான மேயப் போன எடத்துலியே குடும்பம் நடத்துது பாரு," என்றார். யார் பலகை என்று கேட்டார்.

"நாந்தாங்ண்ணா," என்றாள் கயல்விழி.

"ஒம்பதாவது தாண்டலன்னா நாலு காலுகூடவா எண்ண வராது?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்பரசி சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கயல்விழி அதை ஒரு உதவியாக நினைத்தாள்.* அவள் வாழ்க்கையில் சத்தமாகச் சொன்ன முதல் பதில் அது. அதுவும் தப்பான பதில்.

(* நானும் அப்படித்தான் நினைத்தேன்.)

8

தாள் வந்து பன்னிரண்டாம் நாள், அதாவது நேற்று, கை கழுவும் தொட்டி பக்கத்தில் அன்பரசி கேட்டாள்.

"அந்தப் பலகயத் தொடச்சது எனக்கு ஞாபகமே இல்லடி கயலு. நீ தொடச்சதுன்னா எனக்கு ஞாபகம் இருக்காதுதான். ஆனா அது எம் பக்கத்துலதான் இருந்துச்சு."

கயல்விழி கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"நீ பக்கத்துலதான இருந்த. சொல்லு. நா இருந்தனா?"

திங்கள்கிழமை சாமிதுரையிடம் தாளைக் கொடுக்க வேண்டும். கயல்விழி, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிக்க என்ன இருக்கிறது என்று அன்பரசி கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி தெரிந்திருக்கும்.

9

முடிவுகள்.

ஒன்று. கயல்விழி, நீ இருந்தாய் என்கிறாள். அன்பரசி இல்லை என்ற கட்டத்தில் குறி போடுகிறாள். வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டுகிறாள், கார்டு வருகிறது. தினமும் காலையில் மொபெட் சத்தம் கேட்கும்வரை கயல்விழி ஒரு யானையையும் தொடுவதில்லை. இப்படி எத்தனை வருடம் என்று நான் எழுதவில்லை.

இரண்டு. கயல்விழி சொல்லிவிடுகிறாள். டாக்டர் மாத்திரையை மாற்றுகிறார். எவ்வளவு நாள் பார்க்க வேண்டும் என்பதற்குச் சரியான பதில் இல்லை. ஒன்றாம் தேதி ஆதிலட்சுமி வேனில் ஏறுகிறார், மகள் கதவுக்கு உள்ளே நிற்கிறாள். இரண்டு பேர் மேசையில் ஒருத்தி. (இதை எழுதும்போது அன்பரசிக்காக எனக்கு வருத்தம் வரவில்லை. மதியம் யாரோடு சாப்பிடுவது என்றுதான் வந்தது. அதையும் மறைக்கக்கூடாது.)

மூன்று. கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். வெண்பா, இரண்டாம் வகுப்பு, புத்தகப்பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்க

(வெண்பா நான் உண்டாக்கிய குழந்தை. பெயர் வைத்தபிறகு அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. பெயர் வைக்காமல் இருந்தால் முடித்திருப்பேன் போலிருக்கிறது. அது இன்னும் பயமாக இருக்கிறது. ரோட்டைக் கடக்கிற எல்லாருக்கும் பெயர் இருக்கிறது.)

10

இதுவரை நீங்கள், நீங்கள் என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்படி யாரும் இல்லை. என் நோட்டுகளை இதுவரை ஒருவரும் படித்ததில்லை, நான் எழுதுவது ஒருவருக்கும் தெரியாது. படிக்கப்போகிறவள் ஒருத்திதான்.

அன்பு, நாளைக்கு மதியம் இந்த நோட்டை உன் டிபன் பாக்ஸ் மேல் வைத்துவிட்டு நான் சூளைக்குப் பின்பக்கம் போய்விடுவேன். வாயால் சொல்ல வரவில்லை. உன் அம்மாவையும், உன் பஸ்ஸையும், உன் ஞாயிற்றுக்கிழமைச் சுற்றையும் கேட்காமல் எடுத்து எழுதியிருக்கிறேன். அதற்குத் தனியாகத் திட்டு.

ஓட்டுவது உரிமையாகவே இருந்தால் நீ யாரையும் கேட்டிருக்கமாட்டாய். வெறும் சலுகை என்றால் ஆபீஸில் கேட்டிருப்பாய். நீ என்னைக் கேட்டாய். அதற்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. பக்கம் பக்கமாக எழுதியும் கிடைக்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: நீ இல்லை. நான் பயந்துபோய் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பதினாறு வந்தபோது நீ திரும்பிவந்தாய். "என்னாடி பாக்கற?" என்று கேட்டாய். ஒன்றுமில்லை என்றேன்.

எந்தக் கட்டம் என்று நான் சொல்லமாட்டேன், எந்த முடிவு என்றும் சொல்லமாட்டேன். இதற்குப் பிறகு பதினோரு பக்கம் காலியாக இருக்கிறது. எழுதுவதென்றால் எழுது. கிழிப்பதென்றால், பின்பக்கம் வந்து, என் முன்னால் கிழி.