ரம்பங்கள் நின்ற காலை

கிழக்கு வெளுக்குமுன்பே காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டைச் சாலையில் பெட்ரோல் வாசனை பரவிவிட்டது. வீரபத்திரன் டின்களுக்கு எட்டத்தில் சுள்ளித் தீ மூட்டி, ரம்பத்தின் பிளக்கைக் குறடால் பிடித்து அதில் சூடுகாட்டினான். மாசிப் பனியில் இரவெல்லாம் கிடந்த மோட்டார் ரம்பம் லேசில் உயிர் பிடிக்காது. சூடு ஆறுவதற்குள் பிளக்கைத் திருகி, ரம்பத்தின் பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தான். ஒரு முறை இருமியது. மறுமுறை புகையைக் கக்கியது. அடுத்த இழுப்பில் அது உறுமிய உறுமலில் புளியமரத்துக் காக்கைகள் அத்தனையும் கலைந்து பறந்தன.

சாலையை அகலப்படுத்த இருபுறமும் நின்ற புளியமரங்களை வெட்டும் குத்தகை, மரவாடி முதலாளி முருகேசனுக்கு. வைகாசிக் கருட சேவைக்கு ஜனம் திரளுவதற்குள் சாலை திறந்துவிட வேண்டும் என்பது சர்க்கார் கெடு. முருகேசனிடம் இருந்த ரம்பங்கள் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் கொண்டுவந்தவை. போகும்போது சென்னையில் ஏலத்தில் தள்ளிவிட்டுப் போனவை. அவற்றுக்குச் சாமான் எந்தக் கடையிலும் இல்லை. வீரபத்திரன் பட்டணத்துப் புதுப்பேட்டையில் பழைய இரும்புக் குவியல்களைக் கிளறிக் கொண்டுவருவான். கிடைக்காததைத் தானே செய்வான். கார்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தபோது, தறிக்காரர்கள் கழித்துப்போட்ட பட்டுத் துண்டைக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் தோய்த்து, நிழலில் உலர்த்தி, வெட்டிப் பொருத்தினான். அது இன்னும் ஓடுகிறது.

ஆனால் சங்கிலிக்கு அவனிடம் மாற்று இல்லை. பெரிய ரம்பத்தின் சங்கிலியில் ரிவெட்டுகள் தேய்ந்து, கண்ணிகள் பல் விழுந்த கிழவன் வாய்போல ஆடின. முன்தினமே அதைக் கழற்றி முதலாளி முன்னால் போட்டிருந்தான்.

“இத்த மாட்டினா ஆளு போயிடுவான், மொதலாளி.”

“இத்தினி நாளு ஓடலியாடா? நீ ரிவெட்டு அடிச்சா இன்னும் ஓடும்.”

“அடிச்ச எடத்துலியே அடிச்சி ஓட்ட பெருசாப் போச்சி. இனிமே நிக்காது.”

முருகேசன் முகத்தைச் சுளித்தார். சரி, பட்டணம் போய் வேறு தேடிக்கொண்டு வா, அதுவரை சின்ன ரம்பங்கள் ஓடட்டும் என்றார். அதை நம்பித்தான், சின்ன ரம்பங்களைக் கிளப்பிக் கொடுத்துவிட்டு வீரபத்திரன் அன்று காலை பஸ் ஏறினான். அவன் தங்கை சம்பூர்ணம் வெட்டிய கிளைகளை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் காசிநாதன்தான் பெரிய ரம்பம் பிடிப்பவன். பட்டணத்திலிருந்து நல்ல பீடிக்கட்டு ஒன்று வாங்கிவா மச்சான் என்று சொல்லியனுப்பினான்.

பொழுது சாயும் நேரத்தில், சாக்குப் பையில் பழைய சங்கிலி ஒன்றோடும் பீடிக்கட்டோடும் வீரபத்திரன் திரும்பி வந்தபோது சாலையில் ரம்பச் சத்தம் இல்லை. மரத்தூள் குவியல் ஒரு பக்கம் கறுத்து நனைந்திருந்தது. ஆட்கள் நடந்ததைச் சொன்னார்கள். அவன் பஸ் ஏறிய பிறகு முதலாளி வந்திருக்கிறார். சின்ன ரம்பங்களால் பெரிய அடிமரம் அறுபடவில்லை என்று கத்தியிருக்கிறார். மேஸ்திரி ராமலிங்கம், வீரபத்திரன் கழற்றிப்போட்ட சங்கிலியை எடுத்து மாட்டியிருக்கிறார். மரம் பாதி அறுபடுவதற்குள் சங்கிலி அறுந்து, சாட்டைபோல் சுழன்று வந்து காசிநாதனின் கழுத்தைக் கிழித்துவிட்டது. மாட்டு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே, சம்பூர்ணத்தின் மடியில் அவன் அடங்கிப் போனான்.

போலீசில் முருகேசன் எழுதிக் கொடுத்தது வேறு. காசிநாதன் குடித்துவிட்டு வந்தான், வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் கழித்த சங்கிலியைத் தானே மாட்டிக்கொண்டான் என்று எழுதினார். மேஸ்திரி அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கள்ளைக் கையால் தொடாத காசிநாதன் குடிகாரனாகச் செத்தான். நஷ்டஈடு கேட்டுப் போன சம்பூர்ணத்தை முதலாளி வீட்டு வாசலிலேயே மடக்கி, குடிகாரன் பெண்டாட்டிக்கு என்னடி ஈடு என்று கேட்டு அனுப்பினார்கள்.

வீரபத்திரன் அழவில்லை. வேலைக்குப் போனான். பட்டணத்திலிருந்து கொண்டுவந்த சங்கிலியைப் பெரிய ரம்பத்தில் மாட்டினான். முதலாளி எதிரில் வந்தால் துண்டை இடுப்பில் கட்டி நின்றான். நெஞ்சுக்குள் மட்டும் ஒன்று இராப் பகலாக அறுத்துக்கொண்டே இருந்தது. பொய்க் கையெழுத்துப் போட்ட மேஸ்திரியின் மணிக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம், அதை மரம் பிளக்கும் ஆப்புக்கு அடியில் வைத்து நசுக்க வேண்டும்போல் இருந்தது. அது பிறகு. முதலில் முருகேசன்.

வழி தானாக வந்தது. ஊரெல்லையில் நின்ற ஆகப் பெரிய புளியமரத்துக்கு முதலாளியே பூஜை போட்டு, தன் கையாலேயே ரம்பம் பிடித்து முதல் வெட்டு வெட்டப் போவதாகப் பேச்சு. நகராட்சித் தேர்தலில் நிற்க ஆசை அவருக்கு, போட்டோக்காரனுக்கும் சொல்லியாகிவிட்டது. வீரபத்திரன் பெரிய ரம்பத்தின் சங்கிலியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனான். பட்டப்பகலில் குடிசை வாசலில் உட்கார்ந்து, ஒரே ஒரு ரிவெட்டின் தலையை அரத்தால் தேய்த்தான். மேலே கிரீஸ் தடவினால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. மரத்தில் கடித்த வேகத்தில் அறும்.

தண்ணீர்க் குடத்தோடு வந்த சம்பூர்ணம் நின்று பார்த்தாள். மரவாடியில் வேலை செய்தவளுக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. குடத்தை இறக்கி வைத்தாள்.

“அவனுக்கா?”

அவன் தலையை ஆட்டினான்.

“போட்டோ புடிக்கற வரைக்கும் அவன் கையில இருக்கும். அதுக்குள்ள அறலன்னா யார் கைக்கிப் போவும்ண்ணா? இன்னொருத்தி மடியில இன்னொரு தலை வுழுவணுமா?”

அவன் கையில் அரம் நின்றது.

“அப்பிடியே அவன் செத்தாலும் எனக்கு ஆறாதுண்ணா. அவன் சாவக்கூடாது. நாலு பேரு பாக்கற ரோட்டுல நின்னு, காசிநாதன் குடிக்கல, நான்தான் கொன்னேன்னு அவன் வாயால சொல்லணும். அதுக்கு வழி இருந்தா பண்ணு.”

வீரபத்திரன் அரத்தைப் போட்டுவிட்டுச் சங்கிலியைக் கையில் எடுத்தான். பிறகு கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து அடித்துக் கண்ணி கண்ணியாகச் சிதைத்தான். அடித்து முடித்தபோதுதான் அவனுக்கு அழுகை வந்தது. காசிநாதன் செத்த பிறகு முதல் முறையாக.

அதன் பிறகு அண்ணனும் தங்கையும் ஒவ்வொரு வீடாகப் போனார்கள். ரம்பம் பிடிப்பவர்கள், கோடாலிக்காரர்கள், பட்டை உரிக்கும் பெண்கள் எல்லோரிடமும் ரம்பத்தைத் தொடாமல் வேலையை நிறுத்துவோம் என்று பேசினார்கள். நாளைக்கு உன் கழுத்து என்று சொன்னபோது யாரும் மறுத்துப் பேசவில்லை. அடுப்பு எரிவது எப்படி என்றுதான் கேட்டார்கள். அதற்கு ஐயம்பேட்டை நெசவாளர் சங்கத்து முனுசாமி பதில் சொன்னான். தறிக்காரர்கள் கூலிக்காக வேலையை நிறுத்திய காலத்தில், விறகுச் சுள்ளி கொண்டுவந்து போட்டவர்கள் இந்த மரவெட்டிகள்தாம். அதை நெசவுத் தெரு மறக்கவில்லை என்றான் அவன். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வரும் என்றான்.

பூஜைக்குக் குறித்த நாளில் விடியும்போதே ஆட்கள் சாலைக்கு வந்துவிட்டார்கள். ரம்பங்கள் கோணிமேல் வரிசையாகக் கிடந்தன. முந்தைய நாள் சாய்த்த மரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே கிடந்தது. அதன்மேல் ஏறி எல்லோரும் உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கம் பஸ் நின்றது. அந்தப் பக்கம் வண்டிகள் நின்றன.

வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக ஜீப்பிலிருந்து முருகேசன் இறங்கினார். பின்னால் கேமராவோடு போட்டோக்காரன்.

“இன்னாடா கூத்து இது? ஏய், பெரிய ரம்பத்த எடுத்துக் கெளப்பு.”

“அதுக்குச் சங்கிலி இல்ல மொதலாளி,” என்றான் வீரபத்திரன், உட்கார்ந்தபடியே. “நான்தான் ஒடச்சேன். மத்த ரம்பத்தயும் யாரும் தொடமாட்டாங்க.”

“திமிராடா? நாளைக்கே வேற ஆளுங்கள எறக்குறேன் பாரு.”

“எறக்கு. ஏனாத்தூர்லேருந்து கொண்டாந்தாலும் அவங்களுக்கும் கழுத்து இருக்குது.”

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. சம்பூர்ணம் எழுந்து நின்றாள். கேட்பது மூன்றே விஷயம் என்றாள். போலீசில் எழுதிக் கொடுத்த பொய்யைத் திரும்ப வாங்க வேண்டும். ஈடு கொடுக்க வேண்டும். வீரபத்திரன் கழித்துப்போட்ட சாமானை இனி எவனும் மாட்டக்கூடாது. போட்டோக்காரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

முருகேசனுக்கு முகம் கறுத்தது. “குடிகாரப் பய செத்ததுக்கு நான் ஈடு குடுக்கணுமா? ராமலிங்கம், நீ சொல்லுய்யா. அன்னிக்கி அவன் குடிச்சிருந்தானா இல்லியா? நல்லா ஒரக்கச் சொல்லு.”

ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற மேஸ்திரி சம்பூர்ணத்தைப் பார்த்தார். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜனம் நெருங்கி வந்து நின்றது. கடைசியில் தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“குடிக்கல,” என்றார். “வேணாம், ஆடுதுன்னு அவன் சொன்னான். நீங்க மாட்டச் சொன்னீங்க. நான் மாட்டினேன்.”

முருகேசன் கையை ஓங்கினார். மரத்தின்மேல் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றதைக் கண்டு அந்தக் கை இறங்கியது. இரு, போலீசோடு வருகிறேன் என்று ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனார்.

ராமலிங்கம் நடுச்சாலையில் தனியாக நின்றார். வீரபத்திரன் இறங்கி அவரை நோக்கிப் போனான். ஆப்புக்கு அடியில் வைத்து நசுக்க நினைத்த மணிக்கட்டு எட்டும் தூரத்தில் இருந்தது. சம்பூர்ணம் இருவருக்கும் நடுவில் வந்தாள்.

“ஒன்ன நான் மன்னிக்கலய்யா,” என்றாள் மேஸ்திரியிடம். “ஆனா வந்து இங்க குந்து. போலீசு வந்தா இத்தயே சொல்லு.”

கோடாலிக்காரர்கள் முணுமுணுத்தபடியே ஒதுங்கி இடம் விட்டார்கள். வெயில் ஏறியது. நெசவுத் தெருவிலிருந்து முனுசாமி, தறியை அப்படியே விட்டு வந்த ஆண்களையும் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவர்கள் ஏனென்று கேட்காமல் மரத்தின் இரு முனைகளிலும் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஊர்ப் பக்கத்திலிருந்து போலீஸ் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. லத்திகள் தடதடவென்று குதித்து இறங்கின. யாருடா இங்கே தலைவன் என்று அதிகாரி கேட்டார்.

ராமலிங்கம் எழுந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். அதிகாரி அதட்டினார். ஒரு லத்தி உயர்ந்தது.

வீரபத்திரன் தாவி மேஸ்திரிக்கு முன்னால் போய் நின்றான். அவன் ஆத்திரம் ஓர் இம்மியும் தணியவில்லை. ஆனால் அந்த வாய் உடையக்கூடாது. இந்தச் சாலையில் தொடங்கியது கோர்ட்டு வரைக்கும், காஞ்சிபுரத்தின் தெருத்தெருவுக்கும் போய்ச் சேரும்வரை அந்த வாய் அவர்களுக்கு வேண்டும். அவன் பக்கத்தில் முனுசாமி வந்து நின்றான். அவனுக்கு அடுத்து சம்பூர்ணம். பிறகு கோடாலிக்காரர்கள், பட்டை உரிக்கும் பெண்கள், தறிக்காரர்கள். தோளோடு தோள் இடிபட வரிசை சாலையின் அகலத்துக்கு நீண்டது.

“நீ சொல்லுய்யா,” என்றான் வீரபத்திரன், திரும்பிப் பார்க்காமலே. “நிறுத்தாத. சொல்லு.”