நினைவு நாள் உதவி

“ஒரு நிமிசந்தானேயம்மா, துணியைக் கழட்டுங்கோவன்.”

மகள் பிரஷாந்தினி கெஞ்சிக்கொண்டே தாயின் தலைத்துணி முடிச்சில் கைவைத்தாள். கமலாசனி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பெற்ற பிள்ளையே இப்படிக் கேட்கிறாளே என்று நெஞ்சு எரிந்தது.

பிள்ளையைக் குறை சொல்லவும் முடியாது. போன முறை தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் புற்றுநோய் மருந்து ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, கமலாசனி பஸ்ஸுக்குள் வாந்தி எடுத்தாள் என்று இருவரையும் இயக்கச்சியில் இறக்கிவிட்டார்கள். கொளுத்தும் வெயிலில் தாயைத் தாங்கிப் பிடித்து நின்றவள் அவள்தான். நாளைக்கு மருந்து ஏற்றப் போக வான் கிடைக்காவிட்டால் மறுபடியும் பஸ்தான்.

வான் பிடித்துத் தர வந்திருந்தவன் கோகுலன், கிளிநொச்சியில் ஒரு புற்றுநோய் உதவி அமைப்பின் ஆள். கனடாவில் ஒரு குடும்பம் தாயின் நினைவு நாளுக்கு அனுப்பிய காசு. தர்மபுரத்துத் தகர வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக அவன் சுவரில் பதாகையைக் கட்டிவிட்டான். நோயாளி அதன் கீழே நிற்கவேண்டும். படம் முகநூலில் போகும். இந்தக் காலத்துத் தர்மம் அப்படி. வாங்குகிறவள் முகத்தை ஊருலகமெல்லாம் பார்த்தால்தான் கொடுத்தவருக்குத் திருப்தி.

“துணியோட நிண்டா வருத்தக்காரர் மாதிரித் தெரியேல்லை அக்கா. காசு அனுப்பின கனடாக்காரர் சந்தேகப்படுவினம். முந்தி ஒருத்தன் பொய் சொல்லி வாங்கிப்போட்டான்.”

“என்ரை கிளினிக் கொப்பியைப் பாருங்கோ. வானுக்குள்ளை ஏறேக்க முதுகுப்பக்கமாப் படம் எடுங்கோ. தலையை மட்டும் கேளாதேங்கோ தம்பி.”

கோகுலன் கெட்டவனில்லை. கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். கமலாசனி பதாகையை நிமிர்ந்து பார்த்தாள். அதில் அந்தக் கனடாக் குடும்பத்தின் தாய், அமரர் விமலேஸ்வரி, பட்டுச்சேலையும் அடர்ந்த கூந்தலுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இந்த அம்மா என்ன வருத்தத்திலை மோசம் போனவா?”

“உங்கடை வருத்தந்தான்.”

“அப்ப அவான்ரை மொட்டைத்தலைப் படத்தை ஏன் போடேல்லை?”

அவன் முற்றத்துக்குப் போய்க் கனடாவுக்குப் போன் எடுத்துக் கதைத்தான். திரும்பி வந்தவன் பதாகையை அவிழ்க்கத் தொடங்கினான்.

“காசைப் பூவரசங்குளத்திலை ஒரு பிள்ளைக்குக் குடுக்கட்டாம். அதுக்கும் இந்த வருத்தந்தான், ஆறு வயசு. சின்னப்பிள்ளையின்ரை படமெண்டால் கனபேர் பாப்பினமாம்.”

பிரஷாந்தினி சுவரோடு சாய்ந்து அழுதாள். கமலாசனிக்கு அழுகை வரவில்லை.

“அந்தப் பிள்ளையின்ரை தாயின்ரை நம்பரைத் தாங்கோ தம்பி.”

“என்னத்துக்கக்கா?”

“நீங்கள் போக முதல் கதைக்கோணும். பிள்ளை நாளைக்குச் சுகமாகிப் பள்ளிக்கூடம் போறது. அதின்ரை தலையைத் திறந்து காட்டாதை எண்டு சொல்லோணும்.”

கோகுலன் நம்பரைத் தராமல் போனைப் பொக்கற்றுக்குள் வைத்தான். கமலாசனி எழுந்து போய் வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள்.