வள்ளிக்குக் கண் தெரியும்

கொழும்பில் மூட்டை சுமந்துகொண்டிருந்த முனியசாமியிடம், ஊரிலிருந்து போன எவரோ சொல்லிவிட்டார்: அம்மை கண்டதில் அவர் மகள் வள்ளிக்கு இரண்டு கண்ணும் போய்விட்டதாம். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. புறப்பட்டு வரலாமென்றால் பாஸ்போர்ட் கிடைத்தபாடில்லை. முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மனைவி பூமயில், "புள்ள நல்லாருக்கா" என்று எழுதிப் போட்டாள். அவர் நம்பவில்லை. தூரத்தில் இருப்பவனுக்கு நல்லதைத் தவிர வேறெதை எழுதுவார்கள்?

அவர் வேலை பார்த்த கடையின் முதலாளி வாவு முகம்மது, கீழக்கரைக்காரர். ஊருக்கு வந்திருந்தவர் பூமயிலுக்குச் சொல்லியனுப்பினார். மகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

"நாஞ் சொன்னாலும் முனியசாமி ஆறுதலுக்குச் சொல்றதாத்தான் நெனப்பான். புள்ளைய ஒரு போட்டோ புடிச்சுக் குடு தாயி. இந்த வாரம் கப்பலேறுறேன், கையோட கொண்டு போறேன்," என்றார்.

பக்கத்துத் தெருவில் ஹமீது சுல்தானின் ஸ்டூடியோ. பூமயில் விவரத்தைச் சொன்னாள். வள்ளியை நாற்காலியில் உட்காரவைத்து, அம்மைத் தழும்பை மறைக்கப் பவுடர் டப்பாவைத் திறந்தார் அவர்.

"வேணாம்ணே," என்றாள் பூமயில். "அம்மை வந்தது அவுகளுக்குத் தெரியும். தழும்ப மறைச்சா, கண்ணுலயும் எதையோ மறைக்கிறோம்னு நெனப்பாக."

டப்பாவை மூடிய சுல்தானுக்கு வேறொரு கவலை வந்தது. "கண்ணு தொறந்திருந்தா மட்டும் போதுமா? பார்வை இருக்குன்னு படம் எப்படிச் சொல்லும்?"

ஊசியில் நூல் கோக்கச் சொல்லலாமா என்று பூமயில் கேட்டாள். ஊசி படத்தில் விழாது என்றார் அவர். இருவரும் பேசிக்கொண்டிருக்க, சலித்துப்போன வள்ளி அங்கே கிடந்த கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அவளுக்கு அப்போதுதான் முன்பல் விழுந்திருந்தது. விரலால் உதட்டைத் தூக்கி, புதுப்பல் முளைக்கிறதா என்று கண்ணை இடுக்கிக் கண்ணாடிக்குள் தேடினாள்.

"கூப்புடாதம்மா," என்று கிசுகிசுத்த சுல்தான், காமிராவை அதன் மூன்று கால் ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். தேடுகிற மும்முரத்தில் பிள்ளை அசையவே இல்லை.

அப்படியே எடுத்த படம் முதலாளியோடு கொழும்புக்குப் போயிற்று. மிளகாய் பறிக்கும்போதும் பூமயிலுக்கு அதே நினைப்புத்தான். நம்புவாரா? இதென்ன கோணங்கிப் படம் என்று கோபிப்பாரா?

அடுத்த மாதம், அந்தக் கொழும்புக் கடையில் வேலை பார்க்கும் மஹ்மூது ஊர் திரும்பியவர், அவளைத் தேடியே வந்தார்.

"மொதல்ல கையிலயே வாங்க மாட்டேன்னுட்டாரு. பெறகு வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பாத்தாரு. 'தழும்பப் பாருங்க, எம்புள்ளதான்! பல்லு போன சந்துல என்னத்தத் தேடுறா கழுத!'ன்னு சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே அழுதாரு. அப்புறம் சோறு கேட்டாரு."

பூமயில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"என்ன கொழம்புண்ணே ஊத்திச் சாப்புட்டாக?"

"மீன் கொழம்பு. ரெண்டு தரம் வாங்கித் தின்னாரு."

"மறுபடி மொதல்லருந்து சொல்லுங்க," என்றாள். மஹ்மூதும் சிரித்துக்கொண்டே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.