வண்டி ஏன் இழுக்கவில்லை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் மறைத்துவிட்டான் என்று யாரும் பேசக் கூடாது. போன விஜயதசமியன்று கண்டாலா மலைப்பாதையில் ஓர் ஆள் செத்துப்போனார். அவர் இழுத்துக்கொண்டு வந்தது என் காரை. என் மேல் ஒரு கீறல்கூட இல்லை. போதாததற்கு எழுத ஒரு கதையும் கிடைத்தது. தூ, என்ன பிழைப்பு!

தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"கறுப்பாகப் புகை வந்தது..." (துப்பறியும் கதை மாதிரி இருக்கிறது. வேண்டாம்.)

"டோயிங் வண்டி ஓட்டிய அருண்ராஜ் ரொம்ப நல்லவர்..." (செத்தவர்களை எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.)

"காரணம் சந்திரமௌலிக்குத் தெரியும். அதைத் தங்கச்சியிடம்..." (இதுதான் சரி. ஆனால் முடிக்க வரவில்லை. அப்படியே விடுகிறேன்.)

2

சந்திரமௌலி தேஹு ரோடு என்கிற மராத்தி ஊரில் டீசல் மெக்கானிக். அருண்ராஜ் அவருடைய தங்கை ஷீலாவின் புருஷன். நின்றுபோன கார்களை மாட்டி இழுக்கும் டோயிங் வண்டி அருண்ராஜின் சொந்த வண்டி. அதில் ஒரு ஆணி தேய்ந்தாலும் சந்திரமௌலியின் ஷெட்டுக்குத்தான் போகும்.

முதல் பிரதியில் சந்திரமௌலியைக் குடிகாரராக்கி வைத்திருந்தேன். வசதியாக இருந்தது. போதையில் கோளாறைக் கவனிக்கவில்லை, ஆள் போய்விட்டார், கதை முடிந்தது. ஆனால் அந்த மனுஷன் டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை. கோளாறையும் அவர் கவனித்தார். பொய்யாக எழுதியதை அடித்துவிட்டு நடந்ததை எழுதுகிறேன்.

3

ஆயுத பூஜை அன்று காலை. ஷெட்டைக் கழுவி, ஸ்பேனர்களை எல்லாம் வாழையிலையில் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டிருந்தார் சந்திரமௌலி. (பூஜையில் வைத்ததை மறுநாள் வரை அவர் கையால் தொடமாட்டார். அவர் அப்பாவும் தொட்டதில்லை.) அப்போது அருண்ராஜ் வண்டியோடு வந்தார். காலியாக ஓட்டினால் ஒன்றுமில்லையாம், பின்னால் காரை மாட்டி மேடு ஏறினால் திடீரென்று பிக்கப் செத்துப்போகிறதாம்.

சந்திரமௌலி குனிந்து பார்த்தார். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றுக் கொண்டுபோகும் ரப்பர் குழாயின் அடியில் எண்ணெய் ஈரம், உள்ளங்கை அகலத்துக்கு. அவர் கண்ணுக்கு அது போதும். குழாய் எங்கோ கிழிந்திருக்கிறது. வண்டி சும்மா ஓடும்போது கிழிசல் மூடிக்கொள்ளும். பாரம் இழுக்கும்போது காற்றழுத்தம் ஏறித் திறந்துகொள்ளும், காற்று வெளியே போய் வண்டி இழுக்காது. கிளாம்பைக் கழற்றினால் தெரிந்துவிடும். கழற்ற ஸ்பேனர் வேண்டும்.

ஸ்பேனர் சாமி முன்னால் இருந்தது.

பூஜைக்கு வண்டி சுத்தமாக இருக்க வேண்டுமே என்று அந்த ஈரத்தைத் துணியால் துடைத்தார். பொட்டு வைத்தார். ஸ்டேஷன் வரைக்கும் காலியாக ஓட்டிப் பார்த்தார், நன்றாகத்தான் ஓடியது.

"சலேகா, ஓடும் மாப்ள. காலைல மொத வேலயா கழட்டிப் பாத்துடலாம்."

அதுவரைக்கும் லோடு ஏற்றாதே என்று சொல்ல வாய் வரை வந்தது. நல்ல நாளும் அதுவுமாகக் கெட்டதை எதற்கு வாயால் சொல்வது என்று விழுங்கிவிட்டார். பொரியும் வாழைப்பழமும் கொடுத்து அனுப்பினார்.

4

மறுநாள் விடியும்போது மலையடிவாரத்தில் கோபோலியில் என் கார் நின்றுபோனது. டோயிங் வண்டிக்குப் போன் செய்தேன். ஷெட்டுக்குப் போகக் கிளம்பிய அருண்ராஜ் நேராக என்னிடம் வந்தார். பத்து மணிக்கு எனக்கு மீட்டிங், சீக்கிரம் போகலாமா என்று நான் இரண்டு தரம் கேட்டேன். (இந்த வரியை மூன்று பிரதிகளில் எடுத்துவிட்டு நான்காவதில் சேர்த்தேன்.)

மலையில் பாதி ஏறியதும் வண்டி துவண்டது. பெடலைத் தரையோடு மிதித்தும் இழுக்கவில்லை, பின்னால் கரும்புகை. ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் கையை விட்டார். மச்சானுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நான் அவர் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன்.

"மச்சான், அந்த ரப்பர் ஓஸு அடியில கிழிஞ்சிருக்கு. வெரலே உள்ள போவுது."

பழைய சைக்கிள் டியூப் இருந்தால் இறுக்கிச் சுற்று, மேலே ஏறிவிடலாம் என்றார் சந்திரமௌலி. அருண்ராஜ் காலை ரோட்டில் நீட்டிப் படுத்துச் சுற்றத் தொடங்கினார். வளைவில் வந்த லாரிக்கு அந்தக் கால்கள் தெரியவில்லை.

(இங்கே ஓர் உவமை எழுதி வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன்.)

போன் அணையவில்லை. "இறுக்கிட்டியா மாப்ள?" என்று சந்திரமௌலி கேட்டுக்கொண்டே இருந்தார்.

5

எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம், காரணத்தை மாற்றலாம். டீசலில் தண்ணீர் கலந்திருந்தது என்று எழுதலாம். ஃபில்டர் அடைத்துக்கொண்டது என்று எழுதலாம். யாருக்கும் பழி இல்லை.

சாவு வீட்டில் யாரோ டீசலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஷீலா அதைப் பிடித்துக்கொண்டாள். பதினாறாம் நாள் முடிந்ததும் பெட்ரோல் பங்குக்குப் போய், டீசல் போடும் பெண்ணின் முன்னால் மண்ணை வாரித் தூற்றினாள். அந்தப் பெண் அழுதுகொண்டே, நான் என்ன செய்தேன் என்று மராத்தியில் கேட்டாளாம். சந்திரமௌலி பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் என்னைத் தேடி வந்தார். மாப்பிள்ளை போனில் சொன்னதைக் கேட்டது நாம் இரண்டு பேர்தான் என்றார். நான் இதை எழுதிக்கொண்டிருப்பதைச் சொன்னேன்.

"எழுதுங்க சார். என் வாயால என்னால சொல்ல முடியாது."

6

எழுதுகிறேன் என்று மட்டும் ஷீலாவிடமும் சொன்னேன். அவள் இங்கேயே பிறந்து மராத்திப் பள்ளியில் படித்தவள், தமிழ் படிக்கத் தெரியாது. அண்ணன் ஊரில் தமிழில் எட்டாவது வரை படித்துவிட்டு வந்தவர்.

"எங்கண்ணன்கிட்ட குடுங்க சார், அவன் படிச்சுக் காட்டுவான். வண்டி ஏன் இழுக்கலன்னு எனக்கு ஒருத்தராவது ஒழுங்கா சொல்லணும்" என்றாள்.

நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மூன்று முடிவுகள் எழுதினேன், ஒன்றில் அவள் மன்னிக்கிறாள், ஒன்றில்... வேண்டாம். மூன்றையும் கிழித்துவிட்டேன். முடிவு என் கையில் இல்லை. மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும், மிச்சம் ஒருவருக்கு மட்டும்.

சந்திரமௌலி அண்ணே, ஷீலா எதிரே உட்கார்ந்திருப்பாள். இதுவரைக்கும் எழுதியிருப்பதை எழுதியபடியே சத்தமாகப் படித்தீர்கள் என்றால் இப்போது அவளுக்குத் தெரியும். கண்ணால் இதைப் படித்துக்கொண்டு வாயால் டீசல் என்று சொல்லிக்கொண்டு வந்தீர்கள் என்றால் தெரியாது. எதைச் செய்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள்.