கடித்துக் கட்டிய மல்லிகை

பிப்ரவரி 13, வியாழன். பூக் கட்டும்போது நூலைப் பல்லில் கடித்தேன். எத்தனை முறை என்று நினைவில்லை.

நாட்குறிப்பில் இதை எழுதி முடித்த பிறகுதான் சத்யபிரியாவுக்குத் திக்கென்றது.

தைராய்டில் புற்றுநோய் என்று கழுத்தில் அறுவை செய்திருந்தார்கள். மிச்சம் மீதியை அழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுத்து, திங்களன்றுதான் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். எச்சிலிலும் வியர்வையிலும் கொஞ்ச நாள் மருந்து வரும், பிள்ளைத்தாய்ச்சிகளிடமும் குழந்தைகளிடமும் நெருங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் திண்டுக்கல் வீட்டு மாடியறையில் தனியாகக் கிடந்தாள். மாலை நேரத்தில் போய்க்கொண்டிருந்த டேலி கணக்கு வகுப்பும் நின்றுபோயிற்று. அம்மா ராமுத்தாய் படியில் சோற்றை வைத்துவிட்டுக் கீழிருந்தே குரல் கொடுப்பாள்.

நாளை ஆத்தூரில் அக்கா அன்புக்கரசிக்கு வளைகாப்பு. போகத்தான் முடியாது, பூவாவது கட்டித் தருகிறேன் என்று நிலக்கோட்டை மல்லிகையைக் கேட்டு வாங்கினாள். கையுறை மாட்டினாள், புதுத் தாள் விரித்தாள், எல்லாம் முறையாகச் செய்தாள். வாயை மட்டும் மறந்துவிட்டாள். நூலின் ஒரு முனை பல்லில் இருந்தால்தான் அவளுக்கு முடிச்சு இறுகும். அம்மா அந்தப் பூவோடு மத்தியானமே பஸ் ஏறிவிட்டாள்.

சொல்லாமல் விட்டால் என்ன? துளி எச்சில் என்ன செய்துவிடும்? தெரியாது. தெரியாததுதான் பயமாக இருந்தது. போனை எடுத்தாள்.

"அம்மா, அந்தப் பூவ அக்காட்டக் குடுத்துறாத. நூல வாயில வச்சுக் கட்டிட்டேன்."

"அடிப்பாவி! இப்பத்தான எடுக்கப் போனேன்."

அக்கா போனைப் பிடுங்கினாள். "என்ன புள்ள, அத வச்சா இருட்டுல மினுங்குவேனா? கரண்டு போனா ஆகும்ல."

"வெளையாடாதக்கா. தொட்டியா?"

"இல்ல, பையிலதான் இருக்கு." குரல் இறங்கியது. "நீ கட்டுனதத்தான் வைக்கணும்னு இருந்தேன்டி."

"வேற வாங்கிக்கக்கா. பையோட தூரமா வைக்கச் சொல்லு. அம்மாவ சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லு."

"சரி. சாப்டியா?"

பதில் சொல்வதற்குள் அங்கே யாரோ அன்பு, அன்பு என்று கூப்பிட்டார்கள். பெண்கள் கூட்டமாகச் சிரித்தார்கள். இணைப்பு அறுந்தது.

அறையில் மல்லிகை வாசம் இன்னும் இருந்தது. ஜன்னலைத் திறந்தாள். வாசம் போய்விடுமே என்று மறுபடி சாத்தினாள். பிறகு உட்கார்ந்து எழுதினாள்:

நாளை காலை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அந்தப் பூவை என்ன செய்வது என்று கேட்க வேண்டும்.