பால் பொங்கும்வரை

அஞ்சலை அக்கா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி மகனை ஆளாக்கியவர். அவன் சிங்கப்பூர் போய்விட்டான். ஈப்போ வீட்டில் அக்கா தனி ஆள். அவன் அனுப்பிய ஓவனைச் சமையலறை அலமாரிக்குள் பொருத்திவிட்டு, குமிழை வலப்பக்கம் திருகினால் சூடு ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும் என்று காட்டினேன்.

அக்கா ஒரு சட்டிப் பாலை உள்ளே வைத்தார்.

“புது அடுப்புல முதல்ல பால் பொங்கணும். பொங்குறப்ப ஆள் இருக்கணும். உக்காரு தம்பி.”

“இது கேக்கு சுடுற அடுப்பு, அக்கா! பொங்க ரொம்ப நேரமாவும்லா. சிம்பாங் பூலாயில எனக்கு வேலை கெடக்கு.”

எரிச்சலோடு உட்கார்ந்தேன். இரண்டு காப்பி ஆயிற்று. ஓவன் கண்ணாடிக் கதவுக்குள் பால் ஆடை கட்டியதே தவிர எழும்பவில்லை. கருவிப் பையைத் தூக்கினேன்.

“இந்தா பொங்கிரும், இரு தம்பி,” என்று அக்கா அவசரமாகக் குமிழைத் திருகினார், இடப்பக்கமாக.