மாமா வண்டி

முப்பத்தெட்டு நாள், நான்கு மணி நேரம். என் கார் சர்வீஸ் சென்டருக்குள் போய் அவ்வளவு ஆகியிருந்தது. கணக்கு வைப்பது எனக்குப் பழக்கம். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் ஆய்வகத்தில் வேலை. மணிக்கு ஒரு சாம்பிள் சோதனைக்கு வரும். நேரத்தை எழுதிவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும்.

ஆனால் அந்த முப்பத்தெட்டு நாளில் நடந்த எதுவும் எனக்குப் புரியவில்லை.

கார் புதிது. அண்ணன் வாங்கிக் கொடுத்தது. எட்டாவது மாதத்தில் கியர் விழாமல் நின்றுவிட்டது. வாரண்டி இருக்கிறது, கவலை வேண்டாம் என்றார்கள் பெரம்பலூர் சர்வீஸ் சென்டரில். கியர்பாக்ஸ் சென்னையிலிருந்து வர வேண்டும் என்றார்கள். பிறகு புனேயிலிருந்து என்றார்கள்.

எங்கள் ஊர் செட்டிகுளத்துக்குப் பக்கத்தில். காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. அதற்குள் ஆலைக்குப் போய்ச் சேர பஸ் கிடையாது. முதல் வாரத்திலேயே இரண்டு நாள் தாமதம். ஆய்வகப் பொறுப்பாளர் சிவசுப்பிரமணியன் சார் கத்தவில்லை.

"இன்னொரு லேட்டுன்னா, வேலை நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எழுத மாட்டேம்மா" என்றார்.

வீட்டில் அம்மா என் ஜாதகத்தை எடுத்துத் தூசி தட்டி வைத்திருந்தாள்.

எட்டாவது நாள் சர்வீஸ் சென்டரில் ரஞ்சித்குமாரின் மேசை முன்னால் போய் நின்றேன். அவர்தான் அங்கே எல்லாவற்றுக்கும் பதில் சொல்பவர். எனக்குச் சண்டை போட வராது. நின்றுகொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து அவர் மேசை டிராயரைத் திறந்து ஒரு சாவியை எடுத்தார்.

"பார்ட் வர்ற வரைக்கும் இத ஓட்டுங்க மேடம். ஏசி மட்டும் வேலை செய்யாது. இங்க வர்றப்ப முன்னாடி நிறுத்தாதீங்க, பின்பக்க ஷெட்டுல விடுங்க. யாராச்சும் கேட்டா மாமா வண்டின்னு சொல்லிடுங்க."

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வாரோ என்று பயம்.

வெள்ளை நிறக் கார். நம்பர் பிளேட்டில் 61 இருந்தது. பெரம்பலூர்க் கடையின் வண்டிக்கு எதற்கு அரியலூர் நம்பர்? ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை முழுக்கப் பின்னால் தள்ளியிருந்தது. அந்தப் பக்கக் கதவுக்கு மேல், கைப்பிடியில், சேலைத் துணியைத் தடிமனாகத் தைத்து ஒரு வளையம் கட்டியிருந்தார்கள். பழைய வண்டியை விற்பனைக்கு வாங்கி வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியானால் ஏன் பின்பக்கம் நிறுத்த வேண்டும் என்று அடுத்த நாள் தோன்றியது.

ஆலை வாசலில் தினமும் பதிவேட்டில் வண்டி எண்ணை எழுத வேண்டும். ஒரு மாதத்தில் அந்த எண் என் செல்போன் எண்ணைவிட நன்றாக மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு நாளும் நான் தாமதமாகப் போகவில்லை.

ஒரு முறை அரியலூரில் பெட்ரோல் போட நிறுத்தினேன். பங்கில் இருந்தவர் வண்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா வரலியா? சாரு இப்ப எந்திரிச்சு நடக்குறாரா?"

"நடக்குறாருங்க" என்றேன்.

"அப்படியா! நல்ல சேதி சொன்ன. நீ யாரும்மா?"

"மாமா வண்டி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். யாரென்றே தெரியாத ஒரு மனிதரை நடக்க வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று வீடு வரும்வரை குழப்பமாக இருந்தது.

முப்பத்தெட்டாவது நாள், ஷிப்ட் முடிந்து வரும் வழியில், என் கார் என்ன ஆயிற்று என்று கேட்கப் போனேன். வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு உள்ளே வந்தால் கவுண்ட்டரில் ஓர் அம்மாள் ரஞ்சித்குமாரைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பக்கத்து நாற்காலியில் அவர் கணவர். அவருடைய இடது கை மடியில் அப்படியே கிடந்தது.

"பார்ட் கெளம்பிடுச்சு மேடம்" என்றார் ரஞ்சித்குமார்.

"ஒண்ணரை மாசமா கெளம்பிக்கிட்டே இருக்கு. சென்னையிலேர்ந்து நடந்து வந்திருந்தாலே இந்நேரம் தொழுதூர் தாண்டியிருக்கும். ஏசி இல்லாட்டிப் போவுது, வண்டியக் குடுங்க தம்பி."

"அப்படியே ஓட்டினா எஞ்சினே போயிடும் மேடம். நம்பர் சொல்லுங்க, திரும்ப மெயில் போடுறேன்."

"எத்தனை வாட்டி சொல்றது? அறுபத்தொண்ணு… நாலு நாலு சைபர் ஏழு."

அன்று விடிகாலையில் ஆலைப் பதிவேட்டில் என் கையால் எழுதிய எண்.

ரஞ்சித்குமார் அப்போதுதான் என்னைப் பார்த்தார். முகம் மாறியது. போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போய்விட்டார். அங்கிருந்து என்னையே பார்த்தார்.

நான் உட்கார்ந்தேன். என் கார் இப்போது யாரிடம் இருக்கிறது என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒம் வண்டியும் இங்கதான் கெடக்குதா பாப்பா?"

தலையசைத்தேன்.

"எம்பேரு சிந்தாமணி. அரியலூர்ல உரக்கடை. இவருக்கு வாரம் மூணு நாள் இங்க பிசியோதெரப்பி. இவருக்காகத்தான் இந்த வயசுல கார் ஓட்டவே கத்துக்கிட்டேன். இப்ப பஸ்ல வரோம்."

"பஸ் நல்லாத்தான் இருக்கு" என்றார் கணவர். வாய் சற்றுக் கோணியது. பேச்சு தெளிவாக இருந்தது. "என்னை ஏத்துறதுக்கு கண்டக்டரு, டிரைவரு, ரெண்டு பேசஞ்சரு. முன்னாடி இந்தக் காசிநாதனுக்கு இவ்வளவு மரியாதை யாரு குடுத்தா?"

"சும்மா இருங்க. போன வாரம் படியில வழுக்கி விழுந்தாரு பாப்பா. மொழங்கால் பேந்துடுச்சு. இனிமே வரவே மாட்டேங்கிறாரு. விட்டுட்டா அப்பறம் கை எழும்பாதுன்னு டாக்டர் சொல்றாரு."

காசிநாதனின் வேட்டிக்குள் முழங்காலில் கட்டு புடைத்துத் தெரிந்தது.

"அது போவட்டும், நீ எங்க வேலை பாக்குற?"

"சிமென்ட் ஆலைங்க. அரியலூர்."

"செட்டிகுளத்துப் பக்கம்னு பேச்சுலயே தெரியுது. அவ்வளவு தூரம் வண்டி இல்லாம எப்படிப் போற?"

நாளை காலை ஆறு மணி ஷிப்ட். மூன்றாவது தாமதம். ஜாதகம். கண்ணாடிக்குப் பின்னால் ரஞ்சித்குமார் வேண்டாம் என்று லேசாகத் தலையாட்டினார்.

"மாமா வண்டிங்க" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"குடுத்து வெச்சவ. எந்த ஊரு மாமா?"

"அரியலூருங்க."

"அரியலூர்லயா?" காசிநாதன் நாற்காலியில் நிமிர்ந்தார். "நமக்குத் தெரியாத ஆளா அங்க? பேரு என்ன சொல்லு. பாதிப் பேரு என் கடையிலதான் உரம் வாங்கியிருப்பான்."

"ஏங்க, போலீஸ்காரன் மாதிரி கேக்குறீங்க. அது பயப்படுது பாருங்க."

"பயம் எதுக்கு? இந்தக் காலத்துல மருமவளுக்கு மாசக்கணக்கா வண்டிய விட்டுக் குடுக்குறவன் எவன்? அந்தப் புண்ணியவானப் பாக்கணும்ல." அவர் சிரித்தார். வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் சரியாக வைத்துக்கொண்டார். "சொல்லு பாப்பா. யாரு?"

நான் எழுந்து நின்றேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ரஞ்சித்குமார் வெளியே வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் மறுபடி நின்றுகொண்டேதான் இருப்பேன்.

"எனக்கு மாமா யாரும் இல்லைங்க" என்றேன். "அது உங்க வண்டி. நல்லாத்தான் ஓடுது. இவங்க என்கிட்ட குடுத்துட்டாங்க. தெனமும் நான்தான் ஓட்டிக்கிட்டுப் போறேன்."